53 வயதில் நேர்முகத் தேர்வு

நம் நாட்டில் வயதை மறைக்க முடியாது. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. என்னுடையது 71இல் தொடங்குகிறது. வேலைக்கு மனு செய்யும்போது அந்த எண்ணைத்தான் முதலில் எழுதச் சொல்கிறார்கள். என் அனுபவம், படிப்பு எதையும் படிப்பதற்கு முன்பே எதிரில் இருப்பவருக்கு என் வயது தெரிந்துவிடுகிறது.

கிள்ளானில் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி ஒன்றில் 24 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். சென்ற ஆண்டு ஜனவரியில் கம்பெனி கைமாறியது. புதிய முதலாளிகள் கணக்குப் பிரிவைத் தலைமையகத்தோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் நான்கு பேருக்கும் கடிதம் வந்தது. சட்டப்படி ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு இழப்பீடு கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக் கடன் 2029 வரை இருக்கிறது. மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. லோரி ஓட்டும் கணவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், பாதி நாள்தான் வேலைக்குப் போகிறார்.

“இன்னும் ரெண்டு வருசத்துல 55 ஆயிடும். இபிஎஃப் காச எடுத்துட்டு நிம்மதியா வீட்டுல இரேன்” என்றார் என் நாத்தனார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அந்தக் காசை எடுத்தால் எத்தனை மாதம் ஓடும் என்று கணக்கு எழுதிப் பார்த்தவள் நான். அதனால் பதில் சொல்லவில்லை.

வேலை போனவர்கள் முதலில் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் 60 நாட்களுக்குள் பதிய வேண்டும். வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை தருவார்கள். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாக இறங்கும். என்னோடு வேலை இழந்த ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு போகாமலேயே இருந்து நாளைக் கடத்திவிட்டார். அது தானம் இல்லை, மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடித்த காசு.

இனி உடை விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் அழைப்பு பிப்ரவரியில் வந்தது, கிள்ளானிலேயே. நான் கடைசியாக நேர்முகத் தேர்வுக்குப் போனது 2001இல். அன்று என்ன செய்தேனோ அதையே செய்தேன். மாம்பழ நிறச் சேலை, தலையில் பூ, கழுத்தில் தாலிச் சங்கிலியோடு இன்னொரு சங்கிலி. முதல் நாள் இரவு பேரங்காடியில் வாங்கிய கறுப்புச் சாயத்தைத் தலையில் பூசிக்கொண்டேன். பெட்டிக்குள் இருந்த தாளில், 48 மணி நேரத்துக்கு முன்பே கையில் சிறிது தடவிச் சோதித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? காலையில் நெற்றி ஓரம் முழுக்கக் கறுப்புக் கறை. காதுக்குப் பின்னால் அரிப்பு. சாயத்தில் இருக்கும் ஒரு ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று மருந்தகத்தில் பிறகு சொன்னார்கள். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி.

வரவேற்பறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என் மகன் வயது. பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் என் சேலையைப் பார்த்துவிட்டு மரியாதையாக எழுந்து இடம் கொடுத்தாள். “ஆண்டி, மகளுக்குத் துணைக்கு வந்தீங்களா?” என்றாள். நான் சிரித்து, “இல்லம்மா, எனக்குத்தான்” என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் மீது எனக்கு இன்றுவரை கோபமில்லை. ஒரு கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல் உடுத்தி வந்தவளைப் பார்த்து வேறு என்ன நினைப்பாள்?

உள்ளே போனதும் ஒரு பாரம் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். வாசிக்கும் கண்ணாடி வீட்டில். தாளைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தேன், பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தேன். எதிரில் இருந்த அதிகாரி தானே வாசித்துக் காட்டி எழுத உதவினார். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. கணக்கு வேலைக்கு வந்தவளுக்கு எண் தெரியவில்லை என்றால் யார் எடுப்பார்கள்?

வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு அக்கா மகளைக் கூப்பிட்டேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருப்பவள். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். என் அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டில் மேல் போட்டாள்.

“சித்தி, மொதல்ல இந்த வாசனை” என்றாள். அந்துருண்டையும் கோடாலித் தைலமும் கலந்த வாசனை. எனக்கு அது தெரியவே இல்லை, இத்தனை ஆண்டுகளாக அதற்குள்ளேயே இருக்கிறேன். தலைவலிக்கும் முட்டிக்கும் தைலம் தடவுவது எங்கள் வீட்டு வழக்கம். குளிரூட்டிய சின்ன அறையில் அந்த வாசனை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும் என்றாள். துணிகளை இரண்டு நாள் வெயிலில் போட்டோம். நேர்முகத் தேர்வு நாளில் தைலம் கிடையாது என்று முடிவானது.

சேலையா, பஞ்சாபி உடையா, பாஜு கூரோங்கா, காற்சட்டையா என்று ஒரு மணி நேரம் பேசினோம். என்னிடம் நான்கு பாஜு கூரோங் இருந்தன. பழைய அலுவலகத்தில் பெருநாள் விருந்துகளுக்கு எடுத்தவை. நம் பெண்கள் பலர் அரசாங்க அலுவலகத்துக்குப் போக அதைத்தான் உடுத்துகிறார்கள், உடம்பை இறுக்காது, மரியாதையாகவும் இருக்கும். நாத்தனாருக்கு இதில் உடன்பாடில்லை. “வேலைக்காக நம்ம அடையாளத்த விடணுமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சேலையோடு கொமுட்டர் ரயிலில் ஏறி இறங்கி, மடிப்புக் கலையாமல் ஒரு அலுவலகத்துக்குள் நுழைவது இந்த வயதில் எனக்குப் பதற்றம். பதற்றத்தோடு போனால் வாயில் வார்த்தை வராது. அதுதான் எனக்குக் காரணம்.

கடைசியில் கருநீலக் காற்சட்டை, முழங்கைக்குக் கீழே வரும் வெளிர்நிறச் சட்டை என்று முடிவு செய்தோம். காற்சட்டையை ஜாலான் தெங்கு கிளானாவில் தைக்கக் கொடுத்தேன். கடையில் ஆயத்தமாகத் தொங்குபவை எல்லாம் இருபது வயது இடுப்புக்குத் தைத்தவை. அக்கா மகள் சொன்ன ஒரு யோசனை என்னைக் காப்பாற்றியது. உடையைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றால் போதாது, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நேர்முகத் தேர்வு முழுக்க உட்கார்ந்துதானே இருக்கப்போகிறோம். முதலில் எடுத்த சட்டை நிற்கும்போது அழகாக இருந்தது. உட்கார்ந்ததும் வயிற்றுப் பக்கம் இரண்டு பித்தான்களுக்கு நடுவே வாய் பிளந்தது.

பொட்டையும் மூக்குத்தியையும் எடுக்கச் சொல்வாளோ என்று பயந்தேன். “அதெல்லாம் இருக்கட்டும் சித்தி, நீங்க நீங்களா இருங்க. பொட்டு மட்டும் கொஞ்சம் சின்னதா” என்றாள். பொட்டு சின்னதானது.

தலைமுடிக்குத்தான் பெரிய விவாதம். மீண்டும் சாயம் போட முடியாது. தாமானில் இருக்கும் சிகையலங்காரக் கடையில் 35 வெள்ளி கொடுத்துத் தோள் அளவுக்கு வெட்டிக்கொண்டேன். முன்பு போட்ட கறுப்பு நுனியில் போய்விட்டது, வேரில் வெள்ளை வெளிப்படையாக வந்தது. நரை யாரையும் பயமுறுத்துவதில்லை என்று இப்போது நினைக்கிறேன். பாதி கறுப்பு, பாதி செம்பட்டை, வகிட்டில் மட்டும் இரண்டு அங்குல வெள்ளை என்று நிற்கிற தலைதான் இவர் தன்னைக் கவனித்துக்கொள்வதை விட்டுவிட்டார் என்று சொல்லும். நன்றாகச் சாயம் போடுகிறவர்கள் போடட்டும். எனக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடெல்லாம் நடக்கும்போது அப்பாவின் நினைவு வந்தது. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மண்டோர் வேலைக்குத் துரையைப் பார்க்கப் போன அன்று, கிராணி வீட்டிலிருந்து கரிப்பெட்டி இரவல் வாங்கி, இருந்த ஒரே வெள்ளைச் சட்டையை அம்மா தேய்த்துக் கொடுத்தார். சட்டையில் கரித்தூள் விழுந்துவிடக் கூடாது என்று நானும் அக்காவும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். அந்த வேலை அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சட்டையைப் பிறகு பல ஆண்டுகள் தீபாவளிக்குப் போட்டார்.

இரண்டாவது அழைப்பு மார்ச் மாதம், கோலாலம்பூரில். நோன்பு மாதம் என்பதால் காலை பத்து மணிக்கே வரச் சொன்னார்கள். உடை தயார், தலை தயார், கண்ணாடி பையில். காலணியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பழைய கம்பெனியின் ஆண்டு விருந்துக்கு வாங்கி இரண்டே முறை போட்ட கறுப்புக் காலணி பெட்டிக்குள் புதிதாகவே இருந்தது. கேஎல் சென்ட்ரலில் ரயிலைவிட்டு இறங்கி மின்படியில் கால் வைத்தேன். வலது காலின் அடிப்பாகம் அப்படியே கழன்று படியிலேயே நின்றுவிட்டது. இடது கால் நான்கு அடி நடந்ததும் கேக் மாதிரி உதிர்ந்தது. தரையில் கறுப்புத் துண்டுகள். பின்னால் வந்த ஒரு பையன் அதைப் பொறுக்கி, “ஆண்டி, உங்க சப்பாத்து” என்று கையில் கொடுத்தான்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. பல காலணிகளின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலிருக்கும் ஈரம் அதை மெல்ல மெல்ல உடைக்கும். போட்டு நடந்தாலும் சரி, பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் சரி, சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். நம் ஊர் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஆசையாகப் பத்திரப்படுத்திய காலணிதான் காலை வாரும். போவதற்கு ஒரு வாரம் முன்பே எடுத்து இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய விரிசலோ, விரலில் பிசுபிசுப்போ இருந்தால் வேறு தேடுங்கள்.

பக்கத்தில் இருக்கும் நு சென்ட்ரல் பேரங்காடியில் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. வெறும் உள்ளங்காலோடு, மேல்தோல் மட்டும் ஒட்டியிருந்த காலணியை இழுத்துக்கொண்டு போய், 59 வெள்ளி 90 சென்னுக்குத் தட்டையான ஒரு ஜோடி வாங்கினேன். இருபது நிமிடம் தாமதம். வழியிலிருந்தே அழைத்துச் சொல்லிவிட்டேன், அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் உள்ளே என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. கடைசியில், “உங்கள் தகுதி இந்த வேலைக்கு அதிகம்” என்றார்கள். வயது என்று சொல்லாமல் சொல்வதற்கு இருக்கும் வார்த்தை அது என்று அக்கா மகள் விளக்கினாள். அவளே ஆட்களிடம் அப்படிச் சொல்லியிருப்பதாகவும் ஒப்புக்கொண்டாள்.

ஏப்ரலில் கணினி வழியாக ஒன்று. கைப்பேசியை மைலோ டின் மீது சாய்த்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். திரையில் நான் ஒரு கறுப்பு நிழலாகத் தெரிந்தேன். பக்கத்து வீட்டு நாய் வேறு. அதைப் பற்றி எழுத அதிகமில்லை. ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மூன்று மாதமாக உடையைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறேன். கேட்கும் கேள்விக்கு என்னிடம் இருந்த ஒரே பதில் “24 வருச அனுபவம்”. யுபிஎஸ் மென்பொருளில் கணக்கு எழுதினேன். 2015இல் ஜிஎஸ்டி வந்தபோது இரவு பகலாக உட்கார்ந்து மாற்றினேன். 2018இல் அது போய் எஸ்எஸ்டி வந்தபோது மீண்டும் மாற்றினேன். இதையெல்லாம் சொல்லாமல் ஆண்டுகளை மட்டும் எண்ணிக் காட்டியிருக்கிறேன்.

தற்குறிப்பைத் திருத்தினோம். நான்கு பக்கம் இரண்டானது. 1988 எஸ்பிஎம் தேர்ச்சியைப் பாடவாரியாக எழுதியிருந்ததை ஒரு வரியாக்கினோம். சொக்சோ வழி ஒரு பயிற்சியில் சேர்ந்து மின்-விலைப்பட்டியல் முறையைப் படித்தேன். உள்நாட்டு வருமான வாரியம் 2024 ஆகஸ்டு முதல் பெரிய கம்பெனிகளில் தொடங்கிப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. ஆண்டு வருமானம் 50 லட்சம் வெள்ளியிலிருந்து இரண்டரைக் கோடி வெள்ளி வரை உள்ள கம்பெனிகளுக்கு 2025 ஜூலை 1 கெடு. அதாவது நடுத்தரக் கம்பெனிகள் எல்லாம் அந்த நேரத்தில் தவித்துக்கொண்டிருந்தன. எக்செல்லில் பழைய கணக்குகளை மகன் மறுபடி மறுபடி போடச் சொல்லிக் கொடுத்தான். கன்ட்ரோல் பித்தானை அழுத்திக்கொண்டு எலியின் சக்கரத்தை உருட்டினால் திரையில் எழுத்து பெரிதாகும் என்பது அவன் சொல்லித்தான் தெரியும். 24 ஆண்டுகளாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்திருக்கிறேன்.

மே மாதம் ஷா ஆலாமில் உதிரிப்பாக விநியோகக் கம்பெனி ஒன்றிலிருந்து அழைப்பு. அதே கருநீலக் காற்சட்டை, அதே 59 வெள்ளி 90 சென் காலணி. முதல் நாளே மாலையில் கணவரோடு மோட்டாரில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். பையில் வாசிக்கும் கண்ணாடி, சான்றிதழ் நகல்கள், ஒரு மெல்லிய மேற்சட்டை. குளிரூட்டியில் நடுங்கினால் பயத்தில் நடுங்குவதாக நினைப்பார்கள்.

கணக்குப் பிரிவின் மேலாளர் ஒரு சீனர், நாற்பது வயதிருக்கும். மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மலாய்ப் பெண், முப்பதுகூட இருக்காது. அவள்தான் கேட்டாள். “உங்களைவிட வயதில் சிறியவர் உங்களுக்கு மேலே இருந்தால் பரவாயில்லையா, புவான்?”

பழைய முதலாளியின் மகன் படிப்பை முடித்துவிட்டு வந்தபோது சில்லறைச் செலவுக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தது நான். மூன்று ஆண்டு கழித்து அவரே எனக்கு போஸ். மாதக் கடைசியில் ஒருநாளும் கணக்கு தாமதமானதில்லை. இதைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

மேலாளர் வேறு கேள்வி கேட்டார். விலைப்பட்டியல் அனுப்பி, வாரியம் உறுதிப்படுத்திவிட்டது. நான்கு நாள் கழித்து வாடிக்கையாளர் விலை தவறு என்கிறார். என்ன செய்வீர்கள்?

“ரத்து செய்ய 72 மணி நேரம்தான். நாலு நாள்னா அது முடிஞ்சுபோச்சு. கிரெடிட் நோட் போடணும், அதையும் மின்-விலைப்பட்டியலாத்தான் அனுப்பணும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் மூன்று மாதம் காத்திருந்தேன். அந்த அறையில் அவர் என் தலையையோ காலணியையோ பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பிறகு கணினி முன் உட்கார வைத்து ஒரு எக்செல் வேலை கொடுத்தார். முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். பிறகு கன்ட்ரோல் பித்தானை அழுத்தி எழுத்தைப் பெரிதாக்கினேன்.

போகும்போது அவர் கேட்டார், எவ்வளவு காலம் வேலை செய்ய உத்தேசம் என்று. சட்டப்படி ஓய்வு வயது 60, எனக்கு இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது என்றேன். அவர் பிரிவில் கடைசியாக வேலைக்கு வந்த மூன்று பேரும் ஓராண்டுக்குள் போய்விட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

எட்டு நாள் கழித்து அழைத்தார்கள். நிரந்தர வேலை இல்லை, ஓராண்டு ஒப்பந்தம். முன்பு வாங்கியது 3,600 வெள்ளி, இவர்கள் சொன்னது 2,900. நூறு வெள்ளி கூடுதலாகக் கேட்டேன், கொடுத்தார்கள். இருநூறு கேட்டிருக்கலாமோ என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. வீட்டுக் கடனுக்கும் மகனின் செலவுக்கும் போக மீதி குறைவுதான். ஒப்பந்தத்தை மேலும் ஓராண்டுக்கு நீட்டித்திருக்கிறார்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். 57 வயது, தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். வேலை போய் நான்கு மாதம். செவ்வாய்க்கிழமை ஒரு கிடங்கில் நேர்முகத் தேர்வாம். “நீ போய் வந்தவளாச்சேம்மா, என்ன போட்டுக்கணும், என்ன பேசணும், கொஞ்சம் சொல்லேன்” என்றார். கையில் மனைவி தேய்த்துக் கொடுத்த இரண்டு சட்டைகள் தொங்கின. எது நல்லது என்று தூக்கிக் காட்டினார்.

“சட்டை இருக்கட்டும் அண்ணே. அந்தக் காலணிய எடுத்துட்டு வாங்க” என்றேன்.

கொண்டுவந்தார். பளபளவென்று மெழுகு போட்டிருந்தார். வாங்கி இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன். குதிகால் பக்கம் மெல்லியதாக ஒரு கோடு ஓடியது.